வயாவும் விலக்கும்
சூலுற்ற மகளிர் பற்றிய தமிழ் மரபு: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

தமிழில் தாய்மையைப் பாடிய நூல்களுள் பெரியாழ்வார் திருமொழிக்குத் தனி இடம் உண்டு. குழவிப் பருவத்தைப் படிப்படியாக வகுத்துப் பாடும் பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகைக்கு அதனை முன்னோடி என்பர் அறிஞர். அதனை அருளிய ஆழ்வார் வாழ்ந்த ஊர் திருவில்லிபுத்தூர். அவர்தம் மகளாராகிய ஆண்டாள் துளசியின் அடியில் கண்டெடுக்கப்பெற்றவர் என்பது வைணவ மரபு. ஆகவே அவ்வூரின் புகழ்மிக்க மகளார்க்குக் கருச்சுமந்த தாய் எவரும் கூறப்படவில்லை. எனினும், கருச்சுமந்த தாயின் குரலில் ஆடவர் ஒருவர் பாடிய பாடல்கள் அவ்வூரிலேதான் பிறந்தன.

அவ்வூர்க்கு அணித்தேயுள்ளது இராசபாளையம். ஒன்று கோயிலாலும் பால்கோவாவாலும் பெயர்பெற்றது. மற்றொன்று பஞ்சாலைகளாலும் மாந்தோப்புகளாலும் பெயர்பெற்றது. இவ்விரண்டும் உள்ளிட்ட தென்மாவட்ட ஊர்களில், ஒரு பெண் கருவுற்றாள் என்ற செய்தி கேட்டவுடன் அவள் செய்யலாகாதன யாவை, உண்ணலாகாதன யாவை என்று சொல்லத் தொடங்குதல் வழக்கம். இவ்விலக்குகளுட் சில நூல்வழி வந்தன. சில வாய்மொழியாய் வந்தன. சில மருத்துவ மனைகளின்வழி அண்மையில் வந்தன. இவற்றுள் எவை தாயையும் சேயையும் காப்பன, எவை தீங்கின்றி நிற்பன, எவை காப்பதுபோற் கெடுப்பன என்று வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இஃது இலக்கிய ஆய்வாயினும் உயிரைப் பற்றிய வினா என்பதை நாம் மறத்தல் கூடாது.

2. வயா என்னும் சொல்

கருவுற்ற மகளிரைப் பற்றிய தொல்பழந் தமிழ்ச் சான்றுகளிற் பெரிதும் காணப்படுவது விலக்கு அன்று, வேட்கையே. 'வயா' என்னும் உரிச்சொல் வேட்கையின் மிகுதியைக் குறிக்கும் என்று தொல்காப்பிய உரியியல் உரைக்கின்றது. பின்னர் அச்சொல் கருவுற்றாளின் வேட்கைக்குச் சிறப்பாக ஆயிற்று. இன்றைய வழக்கில் 'மசக்கை' என்று வழங்குவதனோடு இஃது ஒருங்குவைத்து நோக்கத்தக்கது.

குறுந்தொகை 287ஆம் பாட்டில் கச்சிப்பேட்டு நன்னாகையார் கார்மேகத்துக்குச் சூல்மகளிரை உவமை கூறுகின்றார். நீர் நிறைந்து விசும்பில் ஏற இயலாது தளரும் மேகம், பன்னிரு மாதச் சுமை பொறுத்து நடக்கமாட்டாது தளர்ந்து, பச்சைப்புளியை விரும்பும் மகளிரை ஒத்ததாம். நன்னாகையார் பெண்பாற் புலவர் ஆதலின், சூலுற்றாளின் தளர்ச்சியையும் நாவின் விருப்பையும் ஒருசேர உரைத்தமை இயல்பே. புளிப்பை விரும்புதல் குற்றமாகவோ விலக்கத்தக்கதாகவோ அவர்க்குத் தோன்றவில்லை. இன்றும் வளைகாப்பில் புளிச்சோறு முதலிய பலவகைச் சோறு ஆக்கிப் படைப்பதும், மாவடுவும் புளியங்காயும் தேடிக் கொணர்ந்து கொடுப்பதும் அவ்வேட்கையை மதிக்கும் மரபின் தொடர்ச்சியே ஆகும்.

ஆயின், இவ்வேட்கைக்கு வேறொரு முகமும் உண்டு. புறநானூற்றின் 20ஆம் பாட்டில் சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைக் குறுங்கோழியூர் கிழார் பாடுகின்றார். அவனது நாட்டு மண்ணைச் சூலுற்ற மகளிர் வயாவினால் உண்பதன்றிப் பகைவர் உண்ணார் என்பது அவர் கருத்து. பகைவர் கொள்ள இயலாத மண் என்பதே புகழ்ச்சி. அப்புகழ்ச்சி பொருள்பட வேண்டுமாயின், கருவுற்ற மகளிர் மண் உண்ணுதல் கேட்போர் அனைவரும் அறிந்த செய்தியாய் இருந்திருத்தல் வேண்டும். புலவர் அதனை இழித்தும் உரைக்கவில்லை, வியந்தும் உரைக்கவில்லை.

வடமொழியிலும் இதற்கு ஒப்புமை உண்டு. காளிதாசரின் இரகுவமிசம் மூன்றாம் சருக்கத்தில், கருவுற்ற சுதக்கிணையின் வாய் மண்மணம் கமழக் கண்டு திலீபன் மகிழ்கின்றான். பிறக்கும் மகன் மண்ணை ஆளப்போகின்றான் ஆதலின் தாய் மண்ணையே முதலில் விரும்பினாள் என்று கவி காரணம் கற்பிக்கின்றார். இவ்வாறு இருமொழிப் புலவரும் மண் உண்ணலை அரசாட்சியோடு பிணைத்தனர். கவிதைக்கு இஃது அழகு. உண்ட பெண்ணின் உடலுக்கு யாது விளைந்தது என்னும் வினா இரண்டிடத்தும் எழவில்லை.

3. மண் உண்ணலின் பொருள்

அவ்வினாவை இக்கால மருத்துவம் எழுப்பியது. மண், சாம்பல், கரி, செங்கற்பொடி, சமைக்காத அரிசி முதலியவற்றை வேட்கும் நிலை, குருதியில் இரும்புச்சத்துக் குறைவோடு பெரிதும் சேர்ந்து காணப்படுகின்றது. குறைவு நீங்கியபின் அவ்வேட்கை பலர்க்குத் தணிகின்றது. மறுபுறம், மண்ணோடு குடற்புழுக்களின் முட்டைகள் உட்செல்லலாம். ஈயம் முதலிய நச்சுப்பொருள்கள் கலந்திருக்கலாம். சிலவகைக் களிமண், உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்காதபடி தடுக்கவும் கூடும். எனவே மண் உண்ணல் குறையின் அறிகுறியாகவும், அக்குறையை மிகுவிக்கும் செயலாகவும் ஒருங்கே அமைகின்றது.

கருவுற்றாள் தவிர்க்க வேண்டியவற்றுள் இஃது ஐயத்துக்கு இடமின்றி முன்னிற்பது. ஆயினும் அவளைக் கடிந்து தடுத்தல் மட்டும் பயன் தராது. வேட்கை ஒரு செய்தி. அச்செய்தியைக் கேட்டுக் குருதியை ஆய்ந்து, வேண்டும் சத்தை அளித்தலே தீர்வு. குறுங்கோழியூர் கிழார் பாட்டினை இனிப் பயிற்றுவோர், மண்ணுண்ட மகளிருள் குருதி குறைந்து வாடினோர் பலர் இருந்திருத்தல் கூடும் என்பதையும் மாணவர்க்குச் சொல்லுதல் தகும் என்று கருதுகின்றோம்.

4. நூல்கள் கூறும் விலக்குகள்

வேட்கையைப் பாடிய நூல்களிலிருந்து, விலக்கை வகுத்த நூல்களுக்கு வருவோம். சரக சங்கிதையின் சரீரத்தானம், கருவுக்குக் கேடு விளைப்பனவற்றை நிரல்படக் கூறுகின்றது. குந்தியிருத்தலும் மேடுபள்ளமான கடிய இருக்கையும், இயற்கை வேகங்களை அடக்கலும், கடிய உடலுழைப்பும், மிக்க காரமும் சூடும் உள்ள உணவும், குறைவாக உண்ணுதலும் அதன்கண் இடம்பெறுகின்றன. கருவுற்றாளின் விருப்பைப் பற்றியும் அந்நூல் பேசுகின்றது. தீங்கு தருவன தவிர அவள் விரும்பியன யாவும் அளித்தல் வேண்டும். வேட்கை மிகக் கடிதாயின் தீங்கானதையும் நலம் தருவதோடு கலந்து அளிக்கலாம் என்பது அதன் முடிபு. இது வயாவை மதிக்கும் தமிழ் மரபோடு நெருங்கி நிற்கின்றது.

இவ்விலக்குகளுட் சில, இன்றைய அறிவோடு வியக்கத்தக்கவாறு ஒத்துவருகின்றன. நாள்தோறும் மது அருந்தும் தாயின் மகவு நினைவாற்றல் குன்றியும் மனம் நிலைகொள்ளாமலும் பிறக்கும் என்று சரகம் கூறும். மதுவால் கருவுக்கு விளையும் கேடுகளைப் பிரான்சு நாட்டில் 1968ஆம் ஆண்டிலும், அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1973ஆம் ஆண்டிலும் மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். இடைவிடாது இனிப்பு உண்பாளின் மகவுக்கு நீரிழிவோ மிக்க பருமனோ உண்டாகும் என்பதும் சரகத்தின் கூற்று. கருவுற்ற காலத்து நீரிழிவு, மகவின் பிற்கால நீரிழிவுக்கும் பருமனுக்கும் வழிகோலும் என்பது இக்காலக் கண்டுபிடிப்பு. அந்நீரிழிவை எளிய முறையில் அறியும் வழியை வகுத்து இந்தியா முழுதும் பரப்பியவர் சென்னை மருத்துவர் வீ. சேசையா. உண்டதும் உண்ணாததும் கருதாமல் 75 கிராம் குளுக்கோசு அளித்து, இரண்டு மணிநேரம் கழித்து ஒருமுறை குருதியை ஆய்வது அம்முறை. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா சூலுற்றாளுக்கு முற்றும் விலக்கு அன்று. நாள்தோறும் வேண்டும் உணவும் அன்று. அளவு யாது என்பதை ஆய்வின் முடிவு உரைக்கும்.

ஆயின் அதே சரகம் புளிப்பையும் உவர்ப்பையும் நாளும் உண்ணும் தாயரின் மகவுக்கும் ஒவ்வொரு நோய் கூறுகின்றது. அவற்றுக்குச் சான்று இல்லை. ஒரு பட்டியலில் இரண்டு மெய்யாயின் அனைத்தும் மெய் எனக் கொள்ளுதல் ஆராய்ச்சி நெறி ஆகாது.

திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் கர்ப்பக்கிரியை என்னும் பகுதி உளது. தாயின் வயிற்றில் மலம் மிகுமாயின் மகவு மந்தமாகும், நீர் மிகுமாயின் ஊமையாகும், இரண்டும் ஒக்க மிகுமாயின் குருடாகும் என்ற கருத்து ஆண்டுக் காணப்படுகின்றது. பிறவிக் குறைகளுக்குக் காரணம் தேடிய முயற்சி என்ற அளவில் அது போற்றத்தக்கது. ஆயின் இக்கருத்து மக்களிடைப் பரவியபோது, குறையுள்ள மகவைப் பெற்றாளின் மீதே பழி சென்று படிந்தது. 1941ஆம் ஆண்டில் ஆத்திரேலியக் கண்மருத்துவர் நார்மன் கிரெக்கு, கண்புரையோடு பிறந்த மகவுகளின் அன்னையர் கருவுற்ற தொடக்கத்தில் உருபெல்லா என்னும் மணல்வாரி வகை நோயுற்றிருந்தமையைக் கண்டறிந்தார். பார்வையையும் செவியையும் கெடுப்பது தாயின் ஒழுக்கம் அன்று, நோய்நுண்மம் என்பது தெளிவாயிற்று. அந்நோய்க்கான தடுப்பூசி இயக்கம் 2017ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நடைபெற்றது. கருவுறுமுன்னரே இட்டுக்கொள்ள வேண்டிய ஊசி அது, கருவுற்றபின் இடலாகாது. இங்ஙனம் காலத்தோடு பொருந்திய விலக்கே உண்மை விலக்காகும்.

5. வழக்கில் உள்ள விலக்குகள்

இனி வாய்மொழி விலக்குகளை நோக்குவோம். பப்பாளி, அன்னாசி, எள் ஆகியன 'சூடு' என்று கருதப்பட்டுத் தென்மாவட்டங்களில் விலக்கப்படுகின்றன. இவற்றுள் பப்பாளியைப் பற்றி 2002ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பழுக்காத காயின் பால் எலியின் கருப்பையைச் சுருங்கச் செய்தது. நன்கு பழுத்த பழம் அங்ஙனம் செய்யவில்லை. ஆகவே காயை விலக்கிய முன்னோர் கருத்துக்கு அடிப்படை உண்டு. கனியையும் சேர்த்து விலக்கியது மிகை. எள்ளை உணவில் அளவாகச் சேர்ப்பதால் கரு கெடும் என்பதற்குச் சான்று இல்லை. அது சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் உடைய பொருள்.

கோள்மறைவின்போது சூலுற்றாள் வெளியே வருதல் ஆகாது, கத்தி எடுத்தல் ஆகாது என்பது மற்றொரு விலக்கு. மறைவின் நிழல் கருவைத் தீண்டுவதில்லை. வீட்டினுள் சிலபொழுது அமர்ந்திருத்தலால் கேடும் இல்லை. ஆனால் அப்பொழுது முழுதும் உணவும் நீரும் கொள்ளாது இருக்கச் செய்தல், குறிப்பாக நீரிழிவு உடையாளுக்குத் தீங்காகும்.

இவற்றினும் கொடியன இரண்டு. வயிறு நிறைய உண்டால் மகவு பெருத்துப் பேறு கடினமாகும் என்று உணவைக் குறைத்தல் ஒன்று. இரும்பு மாத்திரை உண்டால் மகவு கறுக்கும் என்று அதனை ஒதுக்குதல் மற்றொன்று. இவ்விரண்டும் தென்னாட்டில் பலவிடத்துப் பதிவாகியுள்ள நம்பிக்கைகள். முன்னதற்கு மாறாகச் சரகமே குறையுண்ணலைக் கருக்கேட்டின் காரணங்களுள் வைத்தது என்பது நினைவுகொள்ளத்தக்கது. தொன்மையின் பெயரால் காக்கப்படும் இவ்வழக்கம் தொன்னூலுக்கே முரணாகும். மாத்திரையால் மலம் கறுக்கும். மகவின் நிறம் பெற்றோர் வழி வருவது.

6. காலமும் பேறும்

விலக்கின் வரலாற்றில் உணவினைப் போலவே காலமும் கருதத்தக்கது. பெரியாழ்வார் திருமொழி மூன்றாம் பத்தில், கண்ணனைக் கன்றின்பின் காட்டுக்கு அனுப்பிய அசோதை, அவனைப் பன்னிரு மாதம் வயிற்றிற் சுமந்ததை நினைந்து இரங்குகின்றாள். நன்னாகையாரும் பன்னிரு மாதமே கூறினார். இருவர்க்கும் இடைப்பட்ட காலம் நீண்டது. ஆயினும் எண் ஒன்றே. சுமையின் நெடுமையைப் புலப்படுத்த வந்த இலக்கிய மரபாக இதனைக் கொள்ளலாம். இயற்கையில் கடைசிப் பூப்பின் முதல்நாள் தொட்டு 280 நாள், அஃதாவது 40 வாரம், பேற்றுக்கு உரிய காலம். 42 வாரம் கடப்பின் மகவு வயிற்றிலேயே இறக்கும் இடர் மிகுகின்றது. இலக்கியத்தின் பன்னிரு மாதத்தை நாட்கணக்காகக் கொண்டு காத்திருத்தல் தவிர்க்கத்தக்கது.

காலத்தை மனிதர் தம் விருப்பப்படி வளைத்ததற்குப் பெரியபுராணத்திற் கோச்செங்கட்சோழர் பிறப்பு சான்று. அரசி கமலவதி பேற்று நோயுற்றபோது, ஒரு நாழிகை கழித்துப் பிறப்பின் மகன் மூவுலகும் ஆள்வான் என்று காலக்கணிதர் கூறினர். அவள் தன் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தூக்கச் சொல்லிப் பேற்றைத் தாழ்த்தினாள். மகன் சிவந்த கண்களோடு பிறந்தான், தாய் உயிர்நீத்தாள். சேக்கிழார் அத்தாயின் பற்றினைப் பாடினார். நாமோ அவள் சாவினையும் நோக்குதல் வேண்டும். நல்வேளை குறித்த ஆசை ஒரு பெண்ணின் உயிரை உண்டது என்பதே அக்கதை தரும் செய்தி.

அவ்வாசை இன்னும் மறையவில்லை. நாள் பார்த்து அறுவை முறையிற் பேறு நடத்தக் கேட்போர் இக்காலத்தும் உளர். மருத்துவக் காரணம் இன்றி 39 வாரம் நிரம்புமுன் மகவை எடுப்பின் அதன் மூச்சுப்பை முதிராது இடர்ப்படும் வாய்ப்பு மிகுதி. கமலவதி காலத்தைத் தாழ்த்தினாள், இவர்கள் முந்துவிக்கின்றனர். இரண்டும் பஞ்சாங்கத்தைக் கருவின் வளர்ச்சிக்கு மேலாக வைத்த பிழையே.

7. குறையுணவும் ஆலைமகளிரும்

மேற்கண்டவற்றால், விலக்கப்பட வேண்டியவற்றுள் தலையாயது குறையுணவு என்பது பெறப்படும். இதனை மெய்ப்பித்த ஆய்வு நம் நாட்டிலேயே நிகழ்ந்தது. 1928ஆம் ஆண்டில் லூசி வில்சு என்னும் ஆங்கில மருத்துவ அறிஞர் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைகளில் உழைத்த ஏழை மகளிர் கருவுற்றபோது கொடிய குருதிக்குறைவுற்று மடிந்தமையை அவர் ஆராய்ந்தார். நோய்நுண்மமோ நஞ்சோ அதற்குக் காரணம் அன்று, உணவில் ஏதோ ஒரு பொருளின் குறைவே காரணம் என்று கண்டார். ஆய்வின்பொருட்டுக் குன்னூரிலும் சென்னையிலும் பணியாற்றினார். அந்நோய், மார்மைட்டு என்னும் விலைகுறைந்த ஈச்டுச் சாற்றால் நீங்கியமையை 1931ஆம் ஆண்டில் வெளியிட்டார். அச்சாற்றிலிருந்த பொருள் போலிக் அமிலம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1941ஆம் ஆண்டில் பசலை இனக் கீரையிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது. கருவுறுமுன்னரே போலிக் அமிலம் உட்கொள்வதால் முதுகுத்தண்டு மூடாமை போன்ற பிறவிக் குறைகள், முன்பு அக்குறையுள்ள மகவைப் பெற்ற தாயரிடையே 72 விழுக்காடு தடுக்கப்படும் என்று 1991ஆம் ஆண்டில் ஏழு நாடுகளில் நிகழ்ந்த ஆய்வு காட்டியது.

வில்சு பம்பாயில் ஆய்ந்து சில ஆண்டுகளில், 1936ஆம் ஆண்டில், இராசபாளையத்தில் பஞ்சாலை எழுந்தது. பின்னர் ஆலைகள் பல்கின; அருகிலுள்ள சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணி நெசவுக்குப் பெயர்பெற்றது. உலகின் புண்களுக்குக் கட்டும் துணியை நெய்யும் நிலத்து மகளிரின் குருதி நிறைந்திருத்தல் வேண்டும் என்று விரும்புதல் மிகையன்று. ஆனால் 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, இந்தியாவில் கருவுற்ற மகளிருள் 52.2 விழுக்காட்டினர் குருதிக்குறைவு உடையர் என்றது. தமிழ்நாட்டிலும் அஃது ஏறத்தாழப் பாதி. கீரையும் பருப்பும் கேழ்வரகும் எள்ளும் நம் நிலத்தில் விளையாதன அல்ல. உணவோடு தேநீர் அருந்துதல் இரும்பு உட்கொள்ளப்படுவதைக் குறைக்கும். அதனைச் சிறிது பொழுது தள்ளி அருந்துதல் நன்று. நாள்தோறும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் உடைய மாத்திரையை 180 நாள் உட்கொள்ளுதல் இந்திய அரசின் நெறி.

8. புதிய விலக்குகள்

பழைய நூல்கள் அறியாத சில விலக்குகளும் இன்று வேண்டப்படுகின்றன. 1957ஆம் ஆண்டில் மேற்கு செருமனியில் விற்பனைக்கு வந்த தாலிடமைடு என்னும் மருந்து, மசக்கைக் குமட்டலுக்கு நல்லது என்று பலநாட்டு மகளிர்க்கு அளிக்கப்பட்டது. கைகால் குறுகிய மகவுகள் பதினாயிரத்துக்கு மேல் பிறந்தபின், 1961ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டில் அது திரும்பப் பெறப்பட்டது. வயாவைத் தணிக்க வந்த மருந்தே கருவைச் சிதைத்தது. ஆகவே மருத்துவர் அறியாமல் மாத்திரையோ, உள்ளீடு அறியாத பொடியோ சூரணமோ உண்ணுதல் தவிர்க்கத்தக்கது. புகையிலை, வெற்றிலையோடு மெல்லப்படினும் புகையாக இழுக்கப்படினும், மகவின் எடையைக் குறைக்கும். பிறர் விடும் புகையும் விறகடுப்பின் புகையும் அவ்வகையினவே. காய்ச்சாத பாலும் கருவுற்றார்க்கு ஆகாது.

9. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்துரைப்போம். பழந்தமிழ்ப் பாடல்கள் சூலுற்றாளின் வேட்கையைக் கேட்டன; ஆனால் அதன் காரணத்தை ஆராயவில்லை. பிற்கால நூல்கள் விலக்குகளை வகுத்தன. ஆனால் மெய்யும் பொய்யும் கலந்து, குறைக்குத் தாயையே பொறுப்பாக்கின. வாய்மொழி வழக்கு, பல நேரங்களில் உண்ண வேண்டியதை விலக்கி, விலக்க வேண்டியதை விட்டுவிட்டது. தமிழ்நாட்டில் 2018–20ஆம் ஆண்டுகளில் இலட்சம் மகப்பேற்றுக்கு 54 தாயர் இறந்தனர். அதே காலத்து இந்திய அளவு 97. இம்முன்னேற்றம் விலக்குப் பட்டியல்களால் மட்டும் வந்ததன்று. ஆய்வும் ஊட்டமும் மருத்துவமனைப் பேறும் ஒருங்கு கூடியமையால் வந்தது.

விலக்கு யார்க்கு உரியது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. குறுந்தொகை 85ஆம் பாட்டில் வடம வண்ணக்கன் தாமோதரனார், சூல்முதிர்ந்த பேடைக்கு ஈனில் அமைத்தற்பொருட்டுக் கரும்பின் பூவைக் கோதியெடுக்கும் ஆண்குருவியைக் காட்டுகின்றார். அப்பாட்டிற் பேடைக்கு ஒரு விலக்கும் சொல்லப்படவில்லை. சேவலுக்கு ஒரு கடமை சொல்லப்பட்டது. மது, புகை, பட்டினி, காலந்தாழ்த்தல் ஆகிய நான்கும் பெரும்பாலும் இல்லத்தாரின் கையில் உள்ளனவே. ஆகவே கருவுற்றாள்மீது மட்டும் விலக்குகளை அடுக்கும் வழக்கத்தை மாற்றி, அவளைச் சூழ்ந்தோர் தவிர்க்க வேண்டியவற்றை முதற்கண் வகுத்தல் முறையாகும். பெரியாழ்வாரின் ஊரிலும் அதன் அயலூரிலும் இன்னும் வழங்கும் பேறுகாலப் பழமொழிகளையும் தாலாட்டுகளையும் இந்நோக்கோடு தொகுத்து ஆராய்தல், தமிழ் முதுகலை மாணவர்க்குத் தக்கதோர் பணி என்பது எம் துணிபு.